மீசை வாத்தியாரின் சர்டிபிகேட்

ஆம்பூரில் மீசை வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். மீசைக்கே வாழ்க்கைப்பட்டிருந்தவர் மீசை வாத்தியார் ஒருவர்தான். காலையில் அதற்கு விளக்கெண்ணெய் தடவிய பிறகுதான் தனக்குக் காப்பி. மழை வந்தால் குடையை முகத்துக்கு முன்னால் பிடிப்பார். முதுகு நனைந்தால் நனையட்டும்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. தோல் பதனிடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே அறையில் பள்ளிக்கூடம். அவர் வாயசைவைப் பார்த்து, பிள்ளைகள் வார்த்தையைக் கண்டுபிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் தங்கை செல்லம்மாவும் அங்கேதான் படித்தாள். மனுஷன் கெட்டிக்காரர், ஆனால் கையில் சர்டிபிகேட் இல்லை. பட்டணத்திலிருந்து அதிகாரி வந்து பரீட்சை வைத்து, பாஸ் போட்டால் பள்ளிக்கூடம் நடக்கும். இல்லாவிட்டால் பூட்டுதான். செல்லம்மாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வாத்தியாரின் உதடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது விதியாம். பரீட்சைக்கு முதல் நாள்தான் யாரோ சொன்னார்கள். விடிந்ததும் மீசையை எடுத்துவிட்டார். தகப்பன் செத்தால்தான் மீசை எடுக்கிற தெரு அது. கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் மாலையும் கையுமாகக் கூட்டம்.

“பெரியவரு எப்ப போய்ட்டாரு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு?”

“நான் எங்கியும் போலடா!” என்று உள்ளேயிருந்து தடியோடு வந்தார் பெரியவர். “உசிரோட இருக்கும்போதே மீசைய எடுத்துட்டான் பாரு, இன்னா புள்ள இவன்!”

வகுப்பில் அதைவிடப் பேஜார். செல்லம்மாவோடு நானும் போயிருந்தேன். அதிகாரிக்கு முன்னால் வாத்தியார் ‘பந்து’ என்று வாயசைத்தார். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். செல்லம்மா அவர் முகத்தில் எதையோ தேடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் பிள்ளைகள் படித்தது உதட்டை அல்ல, மீசையை! நுனி தூக்கினால் ஒரு சத்தம், சரிந்தால் வேறொரு சத்தம்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் பக்கத்துக் கொட்டகைக்கு ஓடி, தோலிலிருந்து சுரண்டிப் போட்டிருந்த எருமை மயிரை ஒரு பிடி அள்ளி வந்தேன். வாத்தியார் அதைப் பசை தடவி மேலுதட்டில் ஒட்டிக்கொண்டார்.

“நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தி சார், பொறுத்துக்கணும்.”

அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். வாத்தியார் மறுபடி வாயசைத்தார். செல்லம்மா துள்ளி எழுந்து, “பந்து!” என்றாள். பிறகு ஆடு, மாடு என்று எல்லாரும் போட்டி போட்டுக் கத்தினார்கள். கடைசியில் வாத்தியார் என்னைக் காட்டி ஏதோ அசைத்தார்.

“அண்ணா!” என்றாள் செல்லம்மா. வீட்டில் ஒரு நாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாஸ் போட்டாச்சு ஓய்! ஆனா இனிமே பசங்க உதட்டத்தான் படிக்கணும். மீசைக்கெல்லாம் சர்டிபிகேட் கெடையாது.”

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. வாத்தியார் அதற்குப் பிறகு மீசை வைக்கவே இல்லை. பெரியவர் மட்டும் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் உதட்டைப் படிக்கப் பழகிவிட்டார்கள். ஆனாலும் செல்லம்மா இன்றுவரை, பேச வாய் திறக்குமுன் மேலுதட்டில் விரலால் ஒரு மீசை இழுத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும் எனக்கு. அவளுக்கு அந்த மீசைதான் பிள்ளையார் சுழி.