மில்லிமீட்டர் ஏற்றிய வண்டி

தன் மோட்டார் சைக்கிளைத் தன் மனைவி ஓட்டக் கூடாது என்று மில்லிமீட்டர் முடிவு செய்து ஒரு வருடம் ஆகிறது. யாராலும் அசைக்க முடியாத முடிவு. அதை மனைவியின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அதனால் வேறு காரணம் சொல்லிக் காலம் தள்ளிவந்தார்.

மில்லிமீட்டர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மேசை, நாற்காலி, அலமாரி செய்யும் கம்பெனியில் அவருக்கு வரைபடம் போடுகிற வேலை. டீ கிளாசைக்கூட ஸ்கேல் வைத்து அளந்துதான் மேசையில் வைப்பார் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். டீ கிளாசுக்கெல்லாம் அவருக்குக் கண்ணளவே போதும்.

அந்த அலுவலகம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பினால் இன்ஜின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் அப்படிப் போவதில்லை. ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போவார். வண்டி மேல் இருக்கும்போது அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, எதையும் திருத்தச் சொல்வதில்லை. நாள் முழுக்க அவர் நிம்மதியாக இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்புறம் மாலைவரை வண்டி மரத்தடியில் சும்மா நிற்கும்.

மனைவிக்கு வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுக்கிற வேலை. முட்டி மடங்காதவர்கள், தோளைத் தூக்க முடியாதவர்கள் என்று ஊருக்கு நாலு மூலையிலும் ஆட்கள் இருந்தார்கள். பஸ் மாறி பஸ் மாறிப் போய் அவர்கள் முட்டியைச் சரி செய்துவிட்டு, தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். நேரத்துக்கு வரவில்லை என்று இரண்டு வீட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டுவிட்டார்கள். லைசென்ஸ் அவளிடம் இருந்தது. அண்ணன் வண்டியில் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே பாஸ் செய்திருந்தாள். மில்லிமீட்டருக்கு அது மூன்றாவது தடவையில் கிடைத்தது. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"என்னங்க, நாளைக்கு நான் வண்டி எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வேணாம்மா. பின்சக்கரம் ஆடுது. ஆபத்து."

"நீங்க மட்டும் தினம் போறீங்க?"

"எனக்கு அந்த ஆட்டம் பழகிப்போச்சு."

ஒரு வருடம் இந்த ஆட்டத்தை வைத்தே அவர் ஓட்டினார். வந்தது வினை. ஆட்டம் நிஜமாகவே முற்றிப்போய், ஒருநாள் திருப்பத்தில் வண்டியின் பின்பாகம் தனியாக ஒரு முடிவெடுத்து வேறு பக்கம் போகப் பார்த்தது. மெக்கானிக் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், ஸ்விங் ஆர்ம் போச்சு."

பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிற இரும்புக் கைதான் ஸ்விங் ஆர்ம். அதில் துருவேறி, விரிசலும் விட்டிருந்தது.

"புதுசு கிடைக்குமா?"

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்களே சார். வேற மாடலோட ஆர்மை எடுத்துச் செதுக்கி மாட்டணும். மாட்டிட்டா அப்புறம் ஆட்டமே இருக்காது. யார் வேணும்னாலும் ஓட்டலாம்."

கடைசி வாக்கியத்தை மில்லிமீட்டர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வண்டியைச் சரி செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து. சரி செய்தாலோ வண்டிக்கே ஆபத்து. இரண்டு தெருவையும் நடந்தே கடந்தபோது அவருக்கு அந்த யோசனை உதித்தது. வேறு மாடலின் ஆர்ம் என்றால், உயரமான மாடலின் ஆர்மாகவே இருக்கட்டுமே! பின்பாகம் ஏறினால் சீட்டும் ஏறும். அவர் கால் தரையைத் தொட வேண்டும், மனைவியின் கால் தொடக் கூடாது. அந்த இடைவெளிக்குள் ஒரு சீட்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதற்குத்தானே கம்பெனியில் சம்பளம் கொடுக்கிறார்கள்!

அளவு வேண்டும். மனைவியை நிற்கவைத்துக் காலை அளந்தால் ஏன் என்று கேட்பாள். மொட்டைமாடிக் கொடியில் அவளுடைய வேலைக்குப் போகிற பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போனார். டேப்பை இழுத்ததுதான் தாமதம், மாடிக் கதவு திறந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"கொடி தொய்யுதான்னு பாக்கறேன்."

"தொய்யுதா?"

"ரெண்டு சென்டிமீட்டர்."

"அடடா" என்றாள் மனைவி. வேறொன்றும் கேட்காமல் கீழே போய்விட்டாள். மறுநாளும் கொடியில் அதே நிறத்தில் ஒரு பேண்ட் தொங்கியது. இந்தத் தடவை யாரும் வரவில்லை. நிதானமாக அளந்தார். அளவு அவர் நினைத்ததைவிடக் குறைவாகவே வந்தது. பிறகு தன் காலை, வழக்கமாகப் போடுகிற தடித்த பூட்ஸோடு சுவர் ஓரம் நின்று அளந்துகொண்டார். பூட்ஸ் இல்லாமல் அவர் வண்டியில் ஏறியதே கிடையாது. கணக்கு கச்சிதமாக விழுந்தது.

மெக்கானிக் பழைய சாமான் குவியலிலிருந்து ஒரு ஆர்மை இழுத்துப் போட்டார்.

"இது பெரிய வண்டியோடது சார். ஷாக் அப்சார்பர் மாட்டுற காது மேல தள்ளி இருக்கு. போட்டா வண்டி பின்னாடி தூக்கிக்கும்."

மில்லிமீட்டர் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை உருவினார். காதை அளந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இதையே போடுங்க."

"செயின்ல கண்ணி சேக்கணும். பிரேக் ராடு நீட்டணும். ஸ்டாண்டு எட்டாது, அதுக்கு அடியில துண்டு வெச்சு வெல்டு பண்ணணும். நாலஞ்சு நாள் வண்டி இங்க நிக்கணும். எதுக்கு சார் இவ்வளவு பாடு?"

"பாதுகாப்பு முக்கியம்" என்றார் மில்லிமீட்டர்.

வண்டி தயாராவதற்கு முதல் நாள், சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். பெருந்தன்மையாகத்தான் எடுத்தார்.

"வண்டி சரியாகி வருது. நீயும் ஓட்டலாம்."

"நிஜமாவா?"

"எனக்கு என்ன ஆட்சேபணை? உன் பாதுகாப்புத்தான் எனக்கு முக்கியம். ரெண்டு காலும் தரையில பதியணும். பதிஞ்சா வண்டி உன்னோடது. பதியலைன்னா, பின்னாடிதான் உக்காரணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"அந்த விதி யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

சொல்லி முடித்ததும் அவருக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகும்போது அவள் போடுகிற ஷூவுக்கு அடிப்பாகம் தடிமன்! அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஆனா வெறுங்காலோட" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஷூ போட்டா கணக்கு தப்பிடும்."

"வெறுங்காலோடதான்" என்று மனைவி ஒப்புக்கொண்டாள். அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

மறுநாள் வண்டி வந்து வாசலில் நின்றது. பின்பக்கம் நிமிர்ந்து, யாரையோ முட்டப் போகிற தோரணையில் இருந்தது. மனைவி ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றி மடித்து ஷூவுக்குள் வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. மில்லிமீட்டர் நம்பவில்லை. குனிந்து, ஒரு காகிதத்தை அவள் குதிகாலுக்கு அடியில் செருகிப் பார்த்தார். காகிதம் போகவில்லை. அடுத்த குதிகாலிலும் போகவில்லை.

"இப்ப நீங்க" என்றாள் மனைவி, இறங்கி.

அவர் ஏறப் போனார்.

"பூட்ஸ்?"

அவர் குனிந்து லேஸை அவிழ்த்தார். கழற்றினார். ஏறினார். இரண்டு கட்டைவிரல்களும் தரையைத் தேடிக்கொண்டிருந்தன. வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது, மனைவி பிடித்துக்கொண்டாள். மற்ற கையால் அதே காகிதத்தை வாங்கி அவர் குதிகாலுக்கு அடியில் செருகினாள். போனது. மடித்துச் செருகினாள். போனது. காகிதத்தைப் போட்டுவிட்டுத் தன் ஷூவையே செருகினாள். அதுவும் போனது.

"எப்படி? நான் அளந்தேனே!"

"நீங்க அளந்தது என் தங்கச்சி பேண்ட்டை. நீங்க டேப்போட நின்னதைப் பாத்தப்புறம் மறுநாள் அதைத்தான் கொடியில போட்டேன்."

"அது சரி. என் காலு?"

"உங்களுக்கு உடம்பு நீளம், காலு கட்டை. நின்னா நாம ரெண்டு பேரும் ஒரே உயரம். உக்காந்தா நீங்க ஒரு சாண் உயரம். அப்ப காலு யாருக்கு நீளம்?"

வரைபடம் போடுபவருக்கு இது சாதாரணக் கழித்தல் கணக்கு. அவர் அதை மனசுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் விடை ஒன்றாகவே வந்தது. மனைவி ஷூவை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். ஆட்டமே இல்லாமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது வண்டி. அது தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவர் வெறுங்காலோடு நின்றார். உண்மையிலேயே அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ஆனாலும் மில்லிமீட்டர் லேசில் விடுகிற ஆளில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே மெக்கானிக் கடைக்கு நடந்தார்.

"அந்த ஆர்ம் சரியில்லைங்க. காதை அறுத்துக் கொஞ்சம் கீழ எறக்கி வெல்டு பண்ணிடுங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எறக்குறதா? என்ன சார் நீங்க! வண்டி இங்க நின்னப்பவே அக்கா வந்து உக்காந்து பாத்துட்டுத்தான் போனாங்க. அவங்க காலுக்கு இன்னும் ஒரு விரக்கடைகூட ஏத்தலாம்னு நான்தான் சொன்னேன். அக்காதான், 'வேணாம், பாவம், அவர் பின்னாடி ஏறி உக்காரணுமே'ன்னுட்டாங்க."