மார்த்தா வந்த சோலி

"யாரு மாப்ளே இது?" என்று ஊர்க்காரர் பால்ராஜ் கேட்டபோது ஜக்கையன் வாயில் பாதி வடை இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில், போலந்து தேசத்துப் பெண் மார்த்தா உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கடையில் இருந்த அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் என்று ஜக்கையனுக்கா தெரியாது? போலந்தில் வேலை பார்க்கும் மகன் அன்புச்செல்வன் முந்தைய நாள்தான் போனில் சொல்லியிருந்தான். "அப்பா, மார்த்தா இந்தியாவைச் சுத்திப் பாக்க வந்துருக்காங்க. நாளைக்கு நம்ம ஊரு. நம்ம ஆளுகளையெல்லாம் பழக்கிவிடுங்க. கடைசியா அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததை அங்க வச்சு அவங்களே பேசுவாங்க."

இதுகூடப் புரியாமல் இருக்க ஜக்கையன் என்ன பச்சைப்பிள்ளையா? பையன் காதலில் விழுந்துவிட்டான். அத்தையிடம் மன்னிப்புக் கேட்கப் பெண்ணையே அனுப்பிவிட்டான்.

அத்தை என்றால் ஜக்கையனின் ஒரே தங்கை கருத்தம்மா. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவள். அவள் மகள் பவதாரணிக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது, "இது என் மகனுக்குத்தான்" என்று பந்தலில் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்தவர் இதே ஜக்கையன். பவதாரணியும் இப்போது போலந்தில்தான் படிக்கிறாள். தேதி குறிப்பதுதான் பாக்கி என்று தங்கை நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தச் சேதி வேறு வாய் வழியாக அவள் காதுக்குப் போனால் அண்ணன் தங்கை உறவு அதோடு முடிந்தது.

அதனால் வடையை விழுங்கிவிட்டுச் சொன்னார். "ஏலக்கா வாங்க வந்துருக்காக. வெளிநாட்டுப் பார்ட்டி."

ஏலக்காய்ச் சந்தைக்கே பேர்போன போடியில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய பொய்யா இது?

டீ ஆறுவதற்குள் புரோக்கர்கள் வந்து மொய்த்துவிட்டார்கள். "மேடம், இதப் பாருங்க, ஒவ்வொரு காயும் எட்டு மில்லி பருமன்! பச்சை எப்படி நிக்குது பாருங்க!" ஆளாளுக்கு சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்து அவள் கையில் கொட்டினார்கள். மார்த்தா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "குட், வெரி குட்" என்றாள். அவள் 'குட்' சொன்ன காய்க்காரரை மற்றவர்கள் முறைத்தார்கள். இன்னொருவர், "எங்க காயைக் கடிக்காம எப்படிம்மா போவீக?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

ஜக்கையன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் சின்ராசுவின் ஜீப்பு அது. "எங்கோட்டு சாரே?" என்றான் சின்ராசு.

"எங்கயாச்சும் போப்பா, வெரசா எடு!"

மார்த்தா கை நிறைய ஏலக்காயோடு, "அத்தை?" என்றாள் ஆசையாக. அன்பு சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான் போலிருந்தது.

"போலாம், போலாம். மொத ஊரைப் பாரு" என்றார் ஜக்கையன். எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு லாபம்.

பொட்டிபுரத்தில் அவருடைய சிநேகிதர் மாரீஸ்வரன் இருந்தார். மலையடிவாரம், பார்க்கவும் அழகாக இருக்கும். மாரீஸ்வரன் கேட்ட முதல் கேள்வியும், "யாருப்பா இது?" என்பதுதான். ஏலக்காய்ப் பக்கமே போகக்கூடாது என்று முடிவு செய்திருந்த ஜக்கையன், "சயின்டிஸ்டு. ஏதோ ஆராய்ச்சியாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது உறைத்தது. மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வரும் என்று வருடக்கணக்காகப் பேச்சு நடக்கிற ஊர். கொஞ்ச நேரத்தில் ஜீப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மலையக் கொடையத்தான வந்துருக்கீக? எங்க மேல ஏத்திட்டுப் போங்க!"

மார்த்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தாளியை இப்படித்தான் வரவேற்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஜீப்பிலிருந்து இறங்கி, அவர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மறியல் செய்ய வந்தவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயையோ, அந்த சயின்டிஸ்டு இல்லத்தா! டாக்டரு! டாக்டரம்மா!" என்று கத்தினார் ஜக்கையன்.

மறியல் அப்படியே வைத்தியம் பார்க்கும் வரிசையாக மாறியது. முட்டிவலி, இடுப்புவலி, பிடரிவலி எல்லாம் வந்தன. கற்பகம் என்ற கிழவி சேலையை முட்டிக்கு மேலே ஏற்றிக்கொண்டு காலை நீட்டிவிட்டாள். மார்த்தா அந்த முட்டியைப் பார்த்தாள், ஜக்கையனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தாள். "கைராசிக்காரி!" என்றாள் கற்பகம் கண்ணை மூடிக்கொண்டு.

அந்த இடத்தில்தான் ஜக்கையனின் மனசு இளகியது. பெற்ற மகனுக்குக்கூட இந்தப் பொறுமை கிடையாதே என்று நினைத்துக்கொண்டார்.

ஜீப்பு திரும்பவும் கிளம்பியதும் பால்ராஜிடமிருந்து போன் வந்தது. "ஏன் மாப்ளே, ஏலக்கா வாங்க வந்த அம்மா பொட்டிபுரத்துல முட்டிவலி பாக்குதாமே? நெசமாலுமே யாருய்யா அது?"

அதை வைத்த கையோடு அடுத்த போன் அடித்தது. கருத்தம்மா.

"அண்ணே..." என்றாள்.

"சொல்லு ஆத்தா."

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்." வைத்துவிட்டாள். குரல் கம்மியிருந்தது.

போச்சு, தெரிந்துவிட்டது. இனி ஊரைச் சுற்றி என்ன ஆகப்போகிறது? "மெட்டுக்கு விடுப்பா" என்றார் ஜக்கையன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு முக்கி முனகி ஏறியது. கீழே போடி சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் மார்த்தா ஜக்கையன் தோளைத் தட்டி, ஆங்கிலத்தில் கேட்டாள். "அன்பு சின்ன வயசுல எப்பவும் வாந்தி எடுப்பானாமே, அது இந்த வளைவா?"

"அதுக்கு அடுத்ததும்மா" என்று ஜக்கையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. எவ்வளவு நல்ல பெண்! இவளை ஒரே நாளில் வியாபாரி ஆக்கியாயிற்று, விஞ்ஞானி ஆக்கியாயிற்று, டாக்டரும் ஆக்கியாயிற்று. மருமகள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தங்கை காறித் துப்பினாலும் பரவாயில்லை, இந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்.

கருத்தம்மா வாசலிலேயே நின்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "அத்தை!" என்று ஓடிப்போய் மார்த்தா அவள் காலைத் தொட்டாள். கருத்தம்மா அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுகாத ஆத்தா" என்றார் ஜக்கையன். "ஒனக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

"நீ என்னண்ணே துரோகம் பண்ணுன? எல்லாம் என் தலையெழுத்து."

"அப்படிச் சொல்லாத. காது குத்துன அன்னைக்கு நான் குடுத்த வாக்கு..."

"அதச் சொல்லாதண்ணே, எனக்குத் தாங்காது!"

"சொல்லித்தான் ஆவணும்!" ஜக்கையன் மார்த்தாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் நிறுத்தினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அருவி போலக் கொட்டியது. "அடிச்சாலும் அடி, வஞ்சாலும் வையி. காலைலேர்ந்து ஊரெல்லாம் பொய் சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்ல மாட்டேன். இவதான் என் மருமக. என் மகனைக் கட்டிக்கப் போறவ!"

கருத்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். மார்த்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தோட்டத்து வேலைக்காரி முத்துப்பேச்சிதான் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நல்லா இருக்குய்யா கூத்து! காலைல பவதாரணி பாப்பா போன் பண்ணுனதுலேர்ந்து, வாக்கு மீறிட்டமே, அண்ணன் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு எங்கம்மா பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கு, நீங்க என்னடான்னா இவுகள மருமகள்ங்குறீக. இவுக உங்களுக்குச் சம்பந்தி முறைய்யா, தன் தம்பிக்கு நம்ம பாப்பாவப் பொண்ணு கேட்டுல்ல வந்துருக்காக!"