ட்ரெயிலர் தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை

அஜின்கோர்ட், ரொறன்ரோ
1996 யூன் மாதம்

அன்புள்ள மைத்துனர் தியாகலிங்கத்துக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். உம்முடைய சுகத்துக்கும், வீட்டில் உள்ளவர்கள் சுகத்துக்கும் ஒரு குறையும் இராது என்று நம்புகிறேன். மொன்றியலில் விடாத மழை என்று செய்தியில் பார்த்தோம். குடையோடு திரியவும்.

உமது கடிதம் கிடைத்தது. யூலை முதலாந் திகதியோடு வரும் நீண்ட விடுமுறைக்கு காருக்குப் பின்னால் கொழுவும் எங்கள் ட்ரெயிலர் வீட்டைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் குடும்பத்தோடு தங்கப்போவதாகவும், அதை இழுப்பது, பராமரிப்பது பற்றி நான் நாலு வார்த்தை எழுதினால் உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தீர். தருவீர்களா என்று கேட்கவில்லை. அது எப்போதோ முடிந்த விசயம்போல எழுதியிருந்தீர். நல்லது. பெண் எடுத்த வீட்டாருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. நானும் சொல்லவில்லை. என் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீராகவே ஒரு முடிவுக்கு வாரும். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் கீழே போனை எடுத்தால், மேல்மாடியில் உம் அக்கா யோகமலர் மற்றப் போனை எடுத்துவிடுவார்.

முதலில் புறப்படுவதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு றொபேட் தனக்கு வயதாகிவிட்டது என்று இந்த ட்ரெயிலரை எனக்கு விற்றபோது, நிறுத்திவைத்தால் உருண்டுபோகாமல் சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்கவேண்டும், புறப்படும்போது எடுக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் ஒழுங்காக வைத்தேன். முதற் பயணத்தன்று உம் அக்கா கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்தார். எல்லோருடைய கண்ணும் தேசிக்காயில் இருந்தது. மரக்கட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. காரை எடுத்தால் அது உறுமுகிறதே தவிர நகரவில்லை. "தேசிக்காய் பெரிசாப் போச்சுதோ?" என்று உம் அக்கா கேட்டார். நான் அழுத்தி மிதித்தேன். ட்ரெயிலர் கட்டைமேல் ஏறிக் குதித்தது. உள்ளே அலுமாரிகள் திறந்து, மிளகாய்த்தூளும் சீனியும் மெத்தைமேல் ஒன்றாகக் கலந்துபோயின. அன்று முழுவதும் தும்மிக்கொண்டு போனோம். ஆகவே முதலில் காரில் கொழுவி, பிறகு கட்டையை எடுத்து, அதற்குப் பிறகு சாமி கும்பிடவும்.

கொழுவும்போது, காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டை ட்ரெயிலரின் வாய் கவ்வுகிற சத்தம் 'டக்' என்று கேட்கவேண்டும். கேட்டமாதிரி இருந்தது என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். சங்கிலி இரண்டையும் கீழே குறுக்காகப் போடவேண்டும். பாரமான சாமான்களைச் சில்லுக்குச் சற்று முன்னால் வைக்கவேண்டும், பின்னால் பாரம் கூடினால் ட்ரெயிலர் வாலாட்டும். இது எனக்குத் தெரியும், ஆனால் அடுக்கியது உம் அக்கா. அரிசி மூட்டை, கிரைண்டர், மாம்பழப் பெட்டி எல்லாம் கடைசி மூலையில். "ஏரிக்கரையில ஆரப்பா மா அரைக்கிறது?" என்று கேட்டேன். "பின்னை பாணைத் திண்டுகொண்டு இருக்கிறதோ? பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார். அங்கே பார்ப்பதற்கு இருந்த சனம் அணில்தான். 401 நெடுஞ்சாலையில் பிக்கரிங் தாண்டியதும் ட்ரெயிலர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது, பின்னால் வந்த லொறிக்காரர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள், "எவ்வளவு நல்ல சனம், பாத்தியளே" என்று உம் அக்கா ஜன்னலால் கை காட்டிக்கொண்டே வந்தார், நானும் மரியாதைக்கு ஒரு கையைத் தூக்கினேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. காலைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் நிறுத்தி, கிரைண்டரை முன்னுக்குத் தூக்கி வைத்தேன். அப்போது பிடித்த இடுப்பு இன்னும் முழுதாக விடவில்லை. உமக்கும் இடுப்பு அவ்வளவு நல்லதில்லை என்று கேள்வி.

ஏரிக்கரையில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்த கதை இதைவிட மோசம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலர் வலப்பக்கம் போகும். கையை ஸ்டியரிங்கின் அடியில் பிடித்தால் கை போகிற பக்கமே ட்ரெயிலரும் போகும், இதை மறக்கவேண்டாம். வழி காட்ட ஒருவர் மட்டுமே நிற்கவேண்டும். எனக்கு மூன்று பேர் நின்றார்கள். உம் அக்கா "இஞ்சால, இஞ்சால" என்றார். எங்களோடு வந்த என் வேலைத்தலத்துச் சூசைதாசன் "அங்கால எடுங்கோ அண்ணை" என்றார். மகள் நிலாணி "அப்பா ஸ்டொப், டேபிள், டேபிள்" என்றாள். நான் வயதுக்கு மரியாதை கொடுத்து உம் அக்கா சொன்ன பக்கம் எடுத்தேன். அடுத்த இடத்தில் காலைச் சாப்பாட்டில் இருந்த கிளடிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக எழுந்து நின்றார். மேசை போனது, தட்டு தப்பியது. மேசைக்குப் பரிகாரமாக உம் அக்கா அவருக்கு அன்று முழுவதும் சாப்பாடு கொடுத்தார். இப்போது அந்த அம்மா சம்பலுக்கு உறைப்புக் காணாது என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

கழிவுத் தாங்கியைப் பற்றிச் சுருக்கமாக: குழாயை இறுக்கிப் பூட்டிய பிறகுதான் வால்வைத் திறக்கவேண்டும். இதற்குமேல் எழுத விருப்பமில்லை. அன்று போட்டிருந்த சப்பாத்து இப்போது என்னிடம் இல்லை. பனிக்காலத்துக்கு முன் குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, உறையாமல் இருப்பதற்கென்று விற்கிற இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றவேண்டும். முதல் வருடம் நாளைக்குச் செய்யலாம் என்று விட்டேன். நாளைக்கு முன்னமே பனி வந்துவிட்டது. சித்திரையில் தண்ணீரைத் திறந்தபோது, குளியலறையைத் தவிர மற்ற எல்லா இடமும் குளித்தது.

இவ்வளவு கரைச்சலோடு ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர். நியாயமான கேள்வி. விடியக் கதவைத் திறந்தால் ஏரி வாசலில் நிற்கும். உம் அக்கா சொக்ஸ் போட்ட காலோடு படியில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். கிழமை முழுவதும் தொழிற்சாலையில் நின்று பெட்டி கட்டுகிறவர், அங்கே என்னோடு சண்டை பிடிக்க ஒரு விசயமும் அகப்படாமல் சும்மா சிரித்துக்கொண்டிருப்பார். போன ஆவணியில் ஒருநாள் அடைமழை. கூரையில் மழை கொட்டுகிறது, நாங்கள் எல்லோரும் அந்தச் சின்ன மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சீட்டு விளையாடினோம், நிலாணி களவாகச் சீட்டு மாற்ற நான் காணாததுபோல இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. இதை எழுதியிருக்கக்கூடாது, பேனையால் எழுதிவிட்டபடியால் அழிக்க முடியவில்லை.

ஆனால் இதெல்லாம் உமக்கு ஒத்துவராது. நீர் சுத்தபத்தமாக வளர்ந்தவர். ஏரிக்கரைகளில் இப்போது நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, அவற்றை ஒருவரும் இழுக்கத் தேவையில்லை.

நீர் நோய்நொடி இன்றி வாழவும், பிள்ளைகள் படிப்பில் முன்னுக்கு வரவும், நீங்கள் எல்லோரும் ஒரு ஹோட்டல் அறையில் மனநிறைவோடு தங்கவும் முருகப்பெருமானை வேண்டி முடிக்கிறேன். இங்கே எல்லோரும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உம்மில் என்றும் அன்புள்ள அத்தான்,
ச. பரநிருபசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உம் அக்கா வந்து, கடிதத்தை வாங்கி, நின்ற நிலையிலேயே முழுவதும் வாசித்தார். "தம்பி போன ஞாயிறே போன் எடுத்தவன். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். நான் வெளியே போய் ட்ரெயிலருக்குள் இருந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"இஞ்சாருங்கோ, அவன் கொண்டுபோய் உடைச்சுப்போடுவான் எண்டு பயமோ?"

"இல்லை."

"பின்னை என்ன?"

உண்மையைச் சொன்னேன். நீர் கடிதத்தில் ட்ரெயிலரைப் பற்றி எழுதினீர், அடுப்பைப் பற்றி எழுதினீர், மடக்குக் கதிரையைப் பற்றிக்கூட எழுதினீர். அத்தான், நீங்களும் வாங்கோ என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

உம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு மெத்தையில் இருந்துவிட்டார். "உங்களை விட்டிட்டு ஆர் போறது? உவனுக்கு இந்த ட்ரெயிலரை இழுக்கத் தெரியுமோ? அத்தானுக்கு லீவு கிடைக்குமோ எண்டுதான் அவன் முதல் கேட்டவன். நீங்கள் வராட்டில் தனக்கும் வேண்டாமாம்" என்றார்.

தியாகலிங்கம், இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு மையும் செலவாகியிராது, உம்முடைய இடுப்பையும் இழுத்திருக்கமாட்டேன். மேலே எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை, ஆனாலும் ஒன்றையும் யோசிக்கவேண்டாம். வெள்ளிக்கிழமை எல்லோரும் வேளைக்கே வாருங்கள். உள்ளே படுக்க இடம் காணும், காணாவிட்டால் நான் காருக்குள் படுப்பேன். இன்னும் நாள் இருக்கிறது என்று உம் அக்கா சிரிக்கிறார். சிரிக்கட்டும், நான் சில்லுக்குக் காற்று அடிக்கப் போகிறேன்.