புலியின் கழுத்தில் கட்டிய மீட்டர்

ஒரு காட்டில் தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, குழாயைப் பார்த்துக்கொள்ள ஒரு துறையும் இருந்தது. குழாயின் கடைசியில் இருந்த முயல் காலனிக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

மலை உச்சியில் ஒரு ஊற்று, ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து புறப்பட்ட இரும்புக் குழாய் யானைக்கரை வழியாக, அரசர் குகை வழியாகக் கீழே முயல் காலனி வரை இறங்கியது. அந்தக் கோடையில் முயல்கள் குழாயடியில் குடங்களை வைத்துவிட்டு வெயிலில் காத்துக் கிடந்தன. குழாய் நாளுக்கு ஒரு தடவை பெருமூச்சு விடும், அதோடு சரி. குட்டிகள் பாறையிடுக்கில் இருந்த ஈரத்தை நக்கின. சில குட்டிகள் காலையில் எழுந்திருக்கவில்லை.

காலனியின் தலைவி செவந்தியம்மாள் என்ற வயதான முயல். அவள் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் தில்லைநாயகம் என்ற காட்டெருமை. எந்தப் புகாரையும் அவர் அசைபோடாமல் விழுங்குவதில்லை. அசைபோட்டு முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும், புகாரும் தானாகத் தீர்ந்துவிடும். உச்சியில் தண்ணீரைத் திறந்து விட்டாயிற்று, அது வெயிலில் களைத்துப்போய் மெதுவாக வருகிறது, பொறுத்திருங்கள் என்று செவந்தியம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் துறைக்கு ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மீட்டர். குழாயை அறுக்காமல், ஓட்டை போடாமல், உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அது சொல்லிவிடும். அதை இயக்கும் வேலை உதவிப் பொறியாளர் பூங்காவனத்துக்குக் கிடைத்தது. பூங்காவனம் ஒரு கீரி. குழாய் போகிற முட்புதருக்குள் எல்லாம் நுழையக்கூடிய உடம்பு அந்தத் துறையில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

வேலை சிக்கலானது இல்லை. குழாயின் வெளிப்புறத்தைத் துருப் போகச் சுரண்டித் துடைக்க வேண்டும். இடையில் காற்று நிற்காதபடி ஜெல் தடவ வேண்டும். இரண்டு சென்சார்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வாரால் கட்ட வேண்டும். அவை காதுக்குக் கேட்காத ஒலியில் ஒன்றையொன்று கூப்பிடும். தண்ணீர் போகிற திசையில் போகும் கூப்பாடு சற்று முன்னால் சேரும், எதிர்த்து வருவது சற்றுப் பிந்தும். அந்த வித்தியாசத்தை வைத்து மீட்டர் கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும். வௌவால்களுக்கு மட்டும் அது காதில் விழுந்தது. பகலில் தூங்க விடாமல் ஒரு பெட்டி கத்துகிறது என்று அவர்கள் கொடுத்த புகாரையும் தில்லைநாயகம் அசைபோட எடுத்துக்கொண்டார்.

பூங்காவனம் தொட்டியடியிலிருந்து தொடங்கினாள். அங்கே ஓட்டம் நன்றாக இருந்தது. யானைக்கரையைத் தாண்டிக் கட்டிப் பார்த்தாள். திருடுகிறவர் யானையாகத்தான் இருக்கும் என்று காடு முழுக்கப் பேச்சு இருந்தது, அவருக்கு வசதியும் துதிக்கையும் இருந்ததால். ஆனால் எண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. யானை தன் பங்குக்கு மேல் ஒரு வாய் கூட எடுக்கவில்லை. பூங்காவனம் மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

அரசர் குகைக்கு மேலே கட்டினாள். ஓட்டம் இருந்தது. குகைக்குக் கீழே கட்டினாள். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. தான்தான் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்து, மறுபடி சுரண்டினாள், மறுபடி ஜெல் தடவினாள், வளைவிலிருந்து தள்ளிப்போய் நேரான இடத்தில் கட்டினாள். அப்போதும் இல்லை. கடைசியில் நகத்தால் குழாயைத் தட்டினாள். காலிக் குடத்தைத் தட்டியது போல இருந்தது. தண்ணீர் இல்லாத குழாயில் ஒலி எதைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போகும்?

புதரை விலக்கிப் பார்த்தாள். பெரிய குழாயை விடப் பருமனான ஒரு கிளைக்குழாய் குகைக்குள் போனது. உள்ளே ஒரு நீச்சல் குளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குளத்தின் நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அரசர் உத்தமசிங்கம் படுத்திருந்தார். அரசர் புலி. தன் பெயரில் ஒரு சிங்கம் இருப்பது அவருக்குப் பிடிக்காது, அதனால் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பூங்காவனம் ஓடிப்போய்த் தில்லைநாயகத்திடம் சொன்னாள். அவர் அன்று அசைபோடுவதை நிறுத்தியே விட்டார். பிறகு மெல்லிய குரலில், மீட்டர் புதுசு, காட்டுக்குப் பழக வேண்டும், அதுவரை கீழ்ப்பகுதியை அளக்க வேண்டாம் என்றார். பூங்காவனம் தலையாட்டிவிட்டு வந்து, அளந்ததை அளந்தபடியே அறிக்கையாக எழுதி அரண்மனைக்கு அனுப்பிவிட்டாள்.

அறிக்கை அரசரின் செயலாளர் வரதப்பரிடம் போனது. வரதப்பர் ஓர் உடும்பு. பதவியைப் பிடித்ததிலிருந்து விட்டதில்லை. முயல்கள், தாகம், கிளைக்குழாய் என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. ஒன்றே ஒன்றுதான் பட்டது: அறுக்காமலே உள்ளே ஓடுகிறதா என்று சொல்லும் ஒரு கருவி வந்திருக்கிறது. அதை அப்படியே அரசர் காதில் போட்டார்.

அரசருக்குச் சில நாளாகவே உள்ளூர ஒரு பயம். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து அவர் கால்கள் மரத்துப் போயிருந்தன. ரத்தம் ஓடுவது நின்றுவிட்டதோ என்று நினைத்தார். அரண்மனை வைத்தியரைக் கேட்கலாம் என்றால், வைத்தியர் ஒரு பிணந்தின்னிக் கழுகு. நாடி பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் ஓர் எதிர்பார்ப்பு தெரிந்தது. அரசருக்கு அது பிடிக்கவில்லை.

பூங்காவனத்துக்கு ஆள் வந்தது. அறிக்கைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள், இன்றோடு தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே போனால் அரசர் குளத்தைவிட்டு ஏறி வந்து கழுத்தை நீட்டினார்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், தொழில் தெரிந்தவளாக, கட்டுகிற இடத்தை வழவழவென்று மழிக்க வேண்டும் என்றாள்.

அரசர் முகம் சுருங்கியது. "இந்த வரியெல்லாம் மழிச்சுட்டா என்னைப் பூனைன்னு சொல்லுவானுங்க. அப்படியே கட்டு."

அடர்ந்த முடியின் மேலேயே ஜெல்லைத் தடவி, சென்சார்களை வைத்து, வாரை இழுத்துக் கட்டினாள். மீட்டர் யோசித்தது.

"என்ன காட்டுது?" என்றார் அரசர்.

"பூஜ்ஜியம், மகாராஜா."

"அப்படின்னா?"

முடிக்குள் காற்று நிற்கிறது, காற்றைத் தாண்டி ஒலி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போது அரசருக்குப் பின்னால் அந்தப் பருமனான குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குளம் வழிந்து, வழிந்தது சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. பாறையை நக்கிக்கொண்டிருந்த குட்டிகள் அவள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "குழாயா இருந்தா, உள்ளே எதுவும் ஓடலைன்னு எழுதுவோம்."

அரசர் வைத்தியரைப் பார்த்தார். தனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் இருந்தது என்று கழுகு அடக்கமாகச் சொன்னது. வரதப்பர் தலைப்பாகையைக் கழற்றினார். நான் பேசிக்கொண்டிருக்கிறேனே, அது எப்படி என்று அரசர் வாதாடிப் பார்த்தார். இந்தச் சபையில் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அதை யாரும் உயிரோடு இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதில்லை என்று வரதப்பர் பணிவாக விளக்கினார். கருவியோ வெளியூர்ச் சரக்கு, அதற்கு அரண்மனையில் யார் மேலும் கோபம் கிடையாது.

அரசர் யோசித்தார். கால் மரத்திருந்தது. சாப்பாடும் இப்போதெல்லாம் ருசிக்கவில்லை. எல்லாம் ஒத்துத்தான் போயிற்று. அவரே தரையில் படுத்து, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்சம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, "வலிக்கவே இல்லை" என்றார் ஆச்சரியமாக.

யானை மாலையோடு வந்தார். மயில்கள் ஆடாமல் வந்தன. வரதப்பர் பொறுப்பு அரசரானார். குளிப்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் ஆர்வம் இருந்ததில்லை.

செய்தி தில்லைநாயகத்தின் காதுக்குப் போனதும், வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஓடினார். இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பை அன்றைக்கே துண்டிக்க வேண்டும் என்று துறையில் ஒரு விதி. விட்டு வைத்தால் தணிக்கையில் அவர் தலை உருளும். உயிரோடு இருக்கும் அரசரைக் கேள்வி கேட்க அவருக்குத் தைரியம் கிடையாது, செத்துப்போன அரசரின் வால்வை மூடுவதில் ஒரு தயக்கமும் இல்லை. கொம்பை வளையத்தில் கொடுத்து ஒரே திருப்பாகத் திருப்பி மூடினார்.

பிற்பகலில் முயல் காலனிக் குழாய் வழக்கம்போல் பெருமூச்சு விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அது இருமியது. செந்நிறமாகத் துரு வந்தது, அதன் பின்னால் தண்ணீர் வந்தது. செவந்தியம்மாள் குடத்தை வைக்க மறந்து நின்றாள். குட்டிகளை முன்னால் தள்ளிவிட்டு, எல்லாரும் குடித்து முடித்த பிறகே அவள் வாய் வைத்தாள். பூங்காவனம் அங்கேயும் வந்து, பழக்கதோஷத்தில் குழாயைச் சுரண்டி மீட்டரைக் கட்டினாள். அருமையான எண் வந்தது. எவ்வளவு என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு ஒரு மெமோ வந்தது. துறையின் கருவியைக் குழாய் அல்லாத பொருளின் மேல் பொருத்தியது ஏன் என்று தில்லைநாயகம் கேட்டிருந்தார். எவ்வளவு போனாலும் உள்ளே வாங்கிக்கொண்டே இருந்ததால் குழாய் என்று நினைத்துவிட்டேன் என்று அவள் பதில் எழுதினாள். அவர் இன்னும் அதை அசைபோட்டுக்கொண்டிருக்கிறார்.

அரசருக்குப் பசி எடுத்தது. எழுந்து வெளியே வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் பேய் என்று அலறி ஓடினார்கள், ஆனால் மறுநாள் குகை வாசலில் படையல் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. வேட்டை இல்லை, சபை இல்லை, மனு இல்லை. செத்துப்போனது தனக்கு ஒத்துவருகிறது என்று அவர் கண்டுகொண்டார். கால்கூடச் சரியாகிவிட்டது. தண்ணீர்தான் பிரச்சினை.

ஒரு நாள் காலையில் சிவப்பு பிளாஸ்டிக் குடம் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு முயல் காலனிக்கு வந்தார். வரிசை கலைந்தது. முன்னால் போய்க் குடத்தை வைக்கப் போனவரைச் செவந்தியம்மாள் மறித்தாள். அவளுக்கும் பயம்தான், காது இரண்டும் முதுகோடு ஒட்டியிருந்தன.

"செத்தவங்களுக்குன்னு தனி வரிசை கிடையாது, சாமி. பின்னாடி போய் நில்லுங்க."

அரசர் குடத்தைக் கவ்விக்கொண்டு கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் தாமதமாக வந்து சேர்ந்திருந்த ஒரு முயலுக்குப் பொறுமை போய், அதுவே எட்டித் திருகிவிட்டது.

நீதி: சரியான அளவைக் குழாயில் எடுத்தால் அறிக்கைதான் மிஞ்சும். தண்ணீர் வேண்டுமென்றால் தப்பான அளவைச் சரியான கழுத்தில் எடுக்கவும்.