மூக்கரின் ஜலதோஷம்

மூக்கர் தாள் பட்டையைச் சோப்புக்கான வாசனைக் கலவையில் தோய்த்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தார். ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியதுபோல் இருந்தது.

"என்ன சார், எப்படி?" என்றார் கலவை போடும் அம்மா.

"ம்... யோசிக்கணும்."

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் அவருக்கு ஒரே வேலை. மோந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது. நேற்று பெய்த மழை அந்த மூக்கைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மதியம் மொத்த வியாபாரி வருகிறார். "இந்த வாட்டி ஆர்டர் போச்சுன்னா சோப்பை மாத்த மாட்டேன், மூக்கைத்தான் மாத்துவேன்" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மூக்கர் மாடிப்படிக்கு அடியில் பதுங்கி மகளுக்கு ஃபோன் போட்டார். அவள் கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள். 'ஒண்ணு நமக்குத் தெரியும்ங்கறது நமக்கு எப்படித் தெரியும்?' என்று அவள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாலே, 'இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?' என்று வாயை அடைத்துவிடுவார். இன்று அவருடைய சோறே அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதறாதீங்கப்பா. காண்டல், கருதல், உரைன்னு மூணு வழி இருக்கு. நேரா உணர்றது காண்டல். அது உங்களுக்குப் போச்சு. அடுத்தது கருதல். புகையைப் பார்த்து நெருப்பு இருக்குன்னு சொல்றோம்ல?"

"என் மூக்குக்குப் புகையே தெரியாதுடி!"

"உங்க மூக்கை யார் கேட்டா? அடுத்தவங்களை மோந்து பாக்கச் சொல்லி, மூஞ்சியைப் பாருங்க."

வாசலில் லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். மூக்கர் ஓடிப்போய்ப் பட்டையை அவர் மூக்கடியில் நீட்டினார். டிரைவரின் முகம் கசக்கிய காகிதமாகச் சுருங்கியது. போதும், விடை கிடைத்துவிட்டது.

"நெடி ஜாஸ்தி! பாதியாக் குறைங்கம்மா!"

அம்மா புதிதாகப் போட்ட கலவையில் வாசனை எண்ணெய் பாதியாகக் குறைந்தது. நிம்மதியாக வாசலுக்கு வந்து பார்த்தால், டிரைவர் அதே முகத்தோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"கடைவாய்ப் பல்லு சார். காலையிலேர்ந்து உயிர் போகுது."

"அப்ப அந்த வாசனை?"

"எந்த வாசனை?"

மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் ஃபோன்.

"அவசரக் கருதல்ப்பா அது. ஒரு மூஞ்சியை வெச்சா முடிவு கட்டுவாங்க? சரி, உரைக்குப் போங்க. நம்பகமான ஆள் ஒருத்தரைக் கேளுங்க."

கணக்கர் பொய் சொல்லத் தெரியாதவர். அதனாலேயே அவருக்குச் சம்பளம் உயரவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. "புதுக் கலவை எப்படி?" என்று கேட்டதும், "பிரமாதம்" என்றார் தலை நிமிராமல்.

மூக்கருக்கு உயிர் வந்தது. "மோந்து பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? கலவை போடற அம்மா சொன்னாங்க."

மூக்கர் அந்த அம்மாவிடம் ஓடினார். "பிரமாதம்னு சொன்னது நீங்களா?"

"ஆமா. நீங்க குறைக்கச் சொன்னீங்க, குறைச்சேன். உங்க மூக்கு சொன்னா சரியாத்தானே சார் இருக்கும்?"

"உங்களுக்கு என்னம்மா தோணுது?"

"பொழுதன்னைக்கும் இதுக்குள்ளயே நிக்கறேன். ரோஜாவும் ஒண்ணுதான், ரப்பரும் ஒண்ணுதான்."

தாம் கிளப்பிவிட்ட சொல்லே ஆலையைச் சுற்றி, சட்டையை மாற்றிக்கொண்டு, தமக்கே சாட்சி சொல்ல வந்து நிற்கிறது என்று மூக்கருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வியாபாரி வரும் நேரமாகிவிட்டது.

"எலுமிச்சை ஊத்துங்க."

"எவ்வளவு சார்?"

"கொஞ்சம். வேணாம், நிறைய. ஐயோ, வேணாம், எடுத்துடுங்க!"

"ஊத்தினதை எப்படி சார் எடுக்கறது?"

"அப்ப அதை அமுக்கறதுக்குப் புதினா ஊத்துங்க!"

வெளியே கார் வந்து நின்றது. முதலாளியும் மொத்த வியாபாரியும் உள்ளே வந்தார்கள். முதலாளி பட்டையை மோந்துவிட்டு மூக்கரின் முகத்தைப் பார்த்தார். மூக்கர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகங்களிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க," என்றார் முதலாளி.

"நீங்க இருக்கும்போது நான் எப்படிங்க..."

"அதுக்குத்தானேய்யா உமக்குச் சம்பளம்?"

இனி மறைத்துப் பயனில்லை. "ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். இன்னிக்கு எனக்கு..."

அதற்குள் வியாபாரி பட்டையைப் பிடுங்கி மோந்தார். கண்ணை மூடினார். மறுபடி மோந்தார்.

"ஆர்டரை ரெண்டு மடங்காப் போட்டுக்கோங்க."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் நம்ம மூக்கரோட அனுபவம்! எத்தனை வருஷமா ஒவ்வொரு சோப்பும் இவர் மோந்து பாத்துத்தான் வெளியே போகுது!"

வியாபாரி மூக்கரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நானும் அத்தனை வருஷமா அந்தச் சோப்பை வித்துட்டுத் திட்டு வாங்கறேன் சார். இன்னிக்குத்தான் உங்க மூக்கு வேலை செஞ்சிருக்கு!"