கோட்டையைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன்

கோட்டையைக் காப்பாற்றிய வீரர்கள் எல்லாரும் கோட்டைக்குள்ளே இருந்துதான் காப்பாற்றினார்கள். கோட்டையைப் பூட்டிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு, கடலுக்குப் போய்க் காப்பாற்றப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கோட்டை என்றால் எங்கள் வீட்டுப் பின்னறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், உள்பக்கம் தாழ்ப்பாள். அவ்வளவுதான். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வாரமெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது அசையாமல் கிடக்க ஓர் இடம் வேண்டாமா? அந்த அறை போனால் நானும் போனேன்.

எதிரி யார் என்கிறீர்களா? என் மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. போன தடவை "ரெண்டே நாள் தங்கிட்டுப் போறேன் அத்தான்" என்று வந்தான். மழைக்காலம் வந்தது, போனது. அவன் போகவில்லை. விடிந்ததும் கயிறு தாண்டுவான். கட்டடமே சேர்ந்து குதிக்கும். அப்புறம் என் துண்டில் வியர்வையைத் துடைத்து, என் நாற்காலியில் சாய்ந்து, "அத்தான், இந்த ஃபேன் காத்து உங்களுக்கு ஆகாது. நீங்க ஹால்ல படுங்க" என்பான். என் உடம்பின்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை!

வெளியூரில் வேலை கிடைத்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த அந்த மகாராஜன், வியாழக்கிழமை நான் ஒரு லிஃப்ட்டின் தலைமேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தான்.

"அத்தான்! என்னை உங்க ஊருக்கே மாத்திட்டாங்க. சனிக்கிழமை காலையில பெட்டி படுக்கையோட வர்றேன். அக்காகிட்ட மூச்சு விடாதீங்க. திடீர்னு வந்து நின்னு அசத்தணும்!"

கையிலிருந்த எண்ணெய்க் குப்பி நழுவிக் கீழ்த்தளம் வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் குப்பி விழுந்த அதே நேரத்தில் எனக்குள் யோசனை எழுந்தது. அக்காவுக்கு விஷயம் தெரியாது. சரி. அந்த அக்காவே வீட்டில் இல்லையென்றால்? கதவு பூட்டிக் கிடந்தால்? பயல் எங்கேயாவது அறை எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்வான். ஒட்டிக்கொள்வதுதான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே.

சாயங்காலமே தீவைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகுக்கு டிக்கெட் வாங்கி மனைவி முன்னால் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"கடல். காத்து. நீ. நான். சனி, ஞாயிறு ரெண்டு நாளும்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"ஏன், ஒரு புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

"போகலாம். இதுவரைக்கும் போனதில்லையேன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, உடனே பெட்டியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள். மறுபேச்சு இல்லை. எனக்கே அதிர்ச்சி.

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது நானும் என் பங்குக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டேன்.

"அக்கா, இப்ப ஒரு புதுத் திருட்டு நடக்குதாம். பெட்டியோட வந்து, வீட்டம்மாவோட தம்பின்னு சொல்லிச் சாவி கேக்குறானுங்களாம்."

"அடக் கடவுளே! வரட்டும், விளக்குமாத்தாலயே வரவேற்கிறேன்."

சனிக்கிழமை. படகு கிளம்பியது. ஒரு பக்கம் தீவின் செங்குத்தான பாறைகள், அதன் இடுக்கெல்லாம் வெள்ளைப் பறவைகள். கீழே தண்ணீர் பச்சையா நீலமா என்று முடிவு செய்யாமல் மினுங்கியது. மனைவி முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரிய ஓலைத்தொப்பி போட்ட ஒருவர். நல்ல மனிதர். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். கல்யாணமானதிலிருந்து எனக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்ததே இல்லை. பெருமை தாங்கவில்லை. இஞ்சின் இரைச்சலை மீறி என் ராஜதந்திரம் முழுவதையும் அவர் காதில் கத்தினேன்.

"ஆஹா!" என்றார் தொப்பிக்காரர். "பலே ஆளு சார் நீங்க!"

அந்த நேரம் படகு ஒரு கடல்குகைக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளே அமைதியை அனுபவிக்க வேண்டுமாம். படகோட்டி சொல்லாமல் கொள்ளாமல் இஞ்சினை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

"இந்நேரம் என் மச்சினன் பூட்டின கதவு முன்னாடி பெட்டியோட நிக்கிறான்!"

"நிக்கிறான்... நிக்கிறான்... நிக்கிறான்..." என்றது குகை.

படகில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. என் மனைவியின் தலை மட்டும் திரும்பவில்லை. எழுந்து அவளிடம் ஓடினேன்.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இந்த இஞ்சின் சத்தத்துல என்னங்க கேக்கும்?" என்றாள், பாறையைப் பார்த்தபடியே.

அப்பாடா என்று போன உயிர் திரும்பி வந்தது. இஞ்சின்தான் நின்றுவிட்டதே என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நிம்மதி உள்ளே வந்தால் புத்தி வெளியே போய்விடும் போலிருக்கிறது.

மாலையில் ஒரு சின்ன வளைகுடாவில் நங்கூரம் போட்டார்கள். எதிரே கலங்கரை விளக்கம். நான் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி தொப்பிக்காரரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இவர் யார் தெரியுமா?"

"தெரியுமாவா? காலையிலேருந்து ஒரே சிநேகம்!"

"நம்ம தம்பிக்குப் பேசிக்கிட்டிருக்கிற பொண்ணோட அப்பா. இதே படகுல வர்றார்னு கேள்விப்பட்டுத்தான் நீங்க டிக்கெட்டை நீட்டினதும் நான் வாயைத் திறக்கல. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டீ புரையேறியது. நங்கூரம் போட்ட படகு எனக்கு மட்டும் கவிழ்ந்தது. காலையில் அவர் காதில் நான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக என் கண்முன் வந்து நின்று முறைத்தது.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். முகம் கல்லாக இருந்தது.

"பையனுக்குத் தங்க இடம் இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"யார் சார் சொன்னது?" என்று மனைவி பதறினாள். "எந்தப் பாவி சொன்னது? என்னங்க, நீங்களே சொல்லுங்க."

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. தம்பியின் வாழ்க்கை என் நாக்கு நுனியில் தொங்குகிறது. ஒரு நாற்காலிக்காக ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவன் என்ற பேர் எனக்கு வேண்டுமா? உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன் சார்! அவனுக்குன்னே ஒரு அறை இருக்கு. பின்னறை. தாழ்ப்பாளோட!"

"எத்தனை நாளைக்கு?"

"அவன் இருக்கிற வரைக்கும்!"

"கல்யாணம் ஆனா?"

"ரெண்டு பேரும் இருக்கட்டும் சார்! நான் ஹால்ல படுத்துக்கிறேன். எனக்கு ஃபேன் காத்தே ஆகாது!"

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்குமாம். மனைவி எண்ணை அழுத்தி என் கையில் திணித்தாள். கீழ்வீட்டு அக்கா எடுத்தார்.

"நீங்க சொன்ன திருடன் வந்துட்டான் தம்பி! ரெண்டு போடு போட்டேன். அப்பவும் நகரல. மாடிப்படியில உக்காந்து அழுதுகிட்டிருக்கான்."

"அவன் திருடன் இல்லக்கா. நிஜமாவே தம்பிதான். சாவியைக் கொடுத்துடுங்க."

"உங்களை மிரட்டிச் சொல்லச் சொல்றாங்களா?"

மனைவியைப் பார்த்தேன். தொப்பிக்காரரைப் பார்த்தேன். "இல்லக்கா. மனசாரத்தான் சொல்றேன். பின்னறையிலேயே படுத்துக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு தீவில் என்னென்ன அழகு இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் படகு கரை சேரும்வரை மனைவி ஒவ்வொரு பாறையாகக் காட்டினாள். எனக்கு எல்லாப் பாறையும் சாய்வு நாற்காலியாகவே தெரிந்தது.

இறங்குதுறையில் அவள் உற்சாகமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சம்பந்தி ஆகப்போகிறவர் மனம் நோகக்கூடாதே என்று நான் பின்தங்கி, தொப்பிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க சார். நல்லபடியா முடிச்சிடுவோம். உங்க பொண்ணுக்குக் கல்யாணம் எப்ப வச்சுக்கலாம்?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"பொண்ணா? உங்க வீட்டம்மா குகையிலேருந்து வெளியே வந்ததும் என்கிட்ட ஒரு உதவி கேட்டாங்க, செஞ்சேன். எனக்குக் கல்யாணமே ஆகல சார். இனிமே பண்ணிக்கிறதாவும் இல்ல, உங்களைத்தான் ரெண்டு நாளா பக்கத்துல இருந்து பார்த்துட்டேனே!"