ஆத்மசாந்திக்குக் கம்பனி பொறுப்பல்ல

கொக்குவில்,
திங்கட்கிழமை.

ரொறன்ரோவில் வாழும் மதிப்புக்குரிய அத்தான் தியாகராசா அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பொன்னம்பலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் சுகமில்லை. மாமியாரை இழந்த உங்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதவேண்டிய நான் மன்னிப்புக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. அந்த அதிர்ச்சியில் நேற்றுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மாமியார் ஞானாம்பிகை அம்மாவின் மரண அறிவித்தலை முகநூலில் கண்டவுடனே, "தம்பி, கெதியாய் ரண்டு வரி போடு, போடாதவனை எங்கடை ஆக்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கதைப்பினம்" என்று மகன் சுபாஸ்கரனைத் துரத்தியவன் நான்தான். அவனும் போட்டான். வாசித்தவுடன் நான் கதிரையைவிட்டு எழும்பிவிட்டேன். 'அம்மம்மாவின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன். இது எனது தனிப்பட்ட கருத்து மட்டுமே. எமது நிறுவனம் இதற்குப் பொறுப்பல்ல.' அத்தான், அவன் வேலை செய்வது காப்புறுதிக் கம்பனியில்! காப்புறுதிக்காரன் செத்தவீட்டில் வந்து நின்று பொறுப்பில்லை என்றால் கேட்கிற சனம் என்ன நினைக்கும்?

"ஏன்ரா உப்பிடிப் போட்டனி?" என்று கத்தினேன்.

"அப்பா, கொழும்புத் தலைமைக் கந்தோரிலை இருந்து புதுச் சட்டம் வந்திருக்கு. நாங்கள் எதை எழுதினாலும் கடைசியிலை உந்த ரண்டு வசனமும் இருக்கவேணும். இந்த மாதம்தான் என்ரை வேலையை நிரந்தரமாக்கிறதோ எண்டு பாக்கினம்" என்றான்.

அவனோடு வேலை செய்யும் குருநகர்ப் பிள்ளை ஜெறோம், மாதா பெருநாளுக்கு வாழ்த்துப் போட்டவன் அந்த வசனங்களை மறந்துபோனானாம். எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதும் இல்லையாம். எவர் எதைப் படம்பிடித்துக் கொழும்புக்கு அனுப்புவாரோ என்று பயம். ஜெறோமின் கலியாணத்துக்குப் போன அலுவலக ஆக்கள் அத்தனை பேரும் கமராவைக் கண்டவுடன் பந்திக்கு ஓடிவிட்டார்கள். பாவம், அந்தப் பொடியனின் கலியாணப் பட அல்பத்தில் அவனோடு வேலை செய்கிற ஒரு மனிசரும் இல்லை.

சரி, அதோடாவது விட்டானா? உங்கள் மனைவி, மச்சாள் உதயகலா, பெற்ற தாயைப் பறிகொடுத்த மனுசி, 'அப்ப எங்கடை அம்மா சாந்தியடையிறது கம்பனிக்கு விருப்பமில்லையோ, தம்பி?' என்று கீழே கேட்டிருந்தா. அதற்கு இவன், 'உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் முறைப்பாடு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் போட்டிருக்கிறான்! ஐயோ அத்தான், நான் பெத்த பிள்ளைதானோ உது? ஆர் கேள்வி கேட்டாலும் உந்தப் பதிலைத்தான் போடவேணும் எண்டும் சட்டமாம். முறைப்பாட்டை உண்மையாகவே அனுப்பியும் விட்டானாம். ஞானாம்பிகை அம்மாவின் ஆத்மாவைக் கொழும்பில் எந்தப் பிரிவு விசாரிக்கப்போகிறதோ எனக்குத் தெரியாது.

ஆவணியில் நடக்கவிருக்கும் எங்கள் மகள் கீர்த்திகாவின் கலியாணத்துக்கு நீங்கள் இருவரும் வரமாட்டீர்கள் என்று மச்சாள் சொல்லிவிட்டாவாம். கேள்விப்பட்ட நேரம்தொட்டு உங்கள் தங்கை அடுப்பு மூட்டவில்லை. தாய்மாமன் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைக்காமல் பிள்ளையை எப்படி மணவறைக்குக் கொண்டுபோவேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது. உங்கள் இருவரின் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். பிழை முழுக்க எங்கடை பக்கம்தான். மனதிலை வைக்காமல் வாங்கோ.

மச்சாளின் கண்ணீர் காய்ந்து, உங்கள் கோபமும் ஆறி, இருவரும் எங்கள் படலையைத் திறந்து வரும் காட்சியைக் காண அந்தப் பிள்ளையார் வழிவிடட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர முடியாத
சி. பொன்னம்பலம்

பி.கு.: என் கையெழுத்து உங்களுக்கு விளங்காது என்று இதைத் தட்டச்சு செய்ய மகனிடம் கொடுத்தேன். கம்பனியின் கதை வருவதால் அனுமதி எடுக்கவேண்டும் என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டான். இன்று அனுமதி வந்துவிட்டது. ஆனால் பிழை எங்கள் பக்கம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதை அவர்கள் விடமாட்டார்களாம். பிள்ளையின் வேலை நிரந்தரமாகும்வரை நான் என்ன செய்ய? ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பை நான் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவும். கலியாணத்துக்கு வாங்கோ என்றது மட்டும் எனது தனிப்பட்ட கருத்து. கம்பனி அதற்குப் பொறுப்பல்ல.